செங்காயும் கத்தரிக்கோலும்

தங்கராசுவின் மொட்டை மாடியில் தக்காளி காய்த்தது பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. பழுப்பதில்தான் தகராறு.

கடலூர் புதுப்பாளையத்தில் அவர் வீட்டு மாடிக்கு யார் வந்தாலும் பார்க்கலாம். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வரிசையாக மண் பைகள், பைக்கு ஒரு செடி, செடிக்கு ஒரு மூங்கில் குச்சி, கொத்துக் கொத்தாகக் காய்கள். பங்குனியில் விட்ட பிஞ்சு சித்திரையில் கை கொள்ளாமல் பெருத்து அங்கேயே நின்றுவிட்டது. படித்து முடித்தும் வேலைக்குப் போகாத பிள்ளை மாதிரி, வேளாவேளைக்கு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு பச்சையாகவே தொங்கியது.

தங்கராசு கடலூர்–சிதம்பரம் தடத்தில் காலமெல்லாம் விசில் ஊதிய கண்டக்டர். ரிட்டயர் ஆனதும் மற்றவர்கள் டீக்கடைக்கு இரண்டு வேளை போனால் இவர் ஒரு வேளை போனார், மிச்ச நேரத்துக்குத் தக்காளி வைத்தார். யூடியூபில் ஒருவர் தண்ணீரைக் குறை என்றார், குறைத்தார். இன்னொருவர் கூட்டு என்றார், கூட்டினார். துறைமுகத்திலிருந்து மீன் கழிவு வாங்கி வந்து வெல்லம் போட்டு ஊறவைத்துத் தெளித்தபோது அடுத்த வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டே ஒரு வாரம் குடித்தனம் நடத்தினார். செடி தளதளவென்று வளர்ந்தது. காய் மட்டும் கத்திரி வெயிலில் பச்சைக் கண்ணால் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

இதில் மாரியம்மாள் போட்ட சட்டம் வேறு. மாரியம்மாள் அவர் மனைவி, மங்கலம்பேட்டைப் பக்கத்தில் கொல்லையும் கிணறுமாக வளர்ந்தவள். முதல் பிஞ்சு விட்டபோது அவளை மாடிக்குக் கூட்டி வந்து, "அதோ பாரு!" என்று தங்கராசு விரலை நீட்டினார். படீரென்று கையில் ஓர் அடி விழுந்தது.

"பிஞ்ச விரல நீட்டிக் காட்டுவாங்களா? வெம்பிப் பூடும். எண்ணவும் கூடாது, பேசவும் கூடாது. காய் பழமாகி கைக்கு வர வரைக்கும் வாயத் தொறக்கப்படாது, தெரிஞ்சுதா?"

"இன்னா மாரி, இந்தக் காலத்துல…" என்று தங்கராசு சிரித்தார். சிரித்த மறுவாரம் சரியாக அந்தக் காயின் அடிப்பாகம் கறுத்து அழுகியது. யூடியூப் அதற்குச் சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று பெயர் சொன்னது. மாரியம்மாள் விரல் என்று சொன்னாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் தக்காளியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதற்குப் பிறகு மூட்டு டாக்டர் மாரியம்மாளை மாடிப்படியே ஏறக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், காய்கள் தங்கராசுவின் தனிப்பொறுப்பாயின.

வாயால் எண்ணக் கூடாதே தவிர, கண்ணால் எண்ணுவதை யார் தடுக்க முடியும்? நெரிசலான பஸ்ஸில் ஏறிய தலை எத்தனை, இறங்கிய தலை எத்தனை என்று ஒரே பார்வையில் சொல்லுகிற கண் அது. காலையில் தண்ணீர் ஊற்றும்போது அவர் கண் பாட்டுக்கு ஒவ்வொரு செடியாகப் போய்வரும்.

இந்தத் தக்காளி பழுத்தாக வேண்டும் என்பதற்குக் காரணம் இருந்தது. அவருடைய அண்ணன் கார்த்திகேசன் சிதம்பரத்தில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர். கஜக்கோலைத் தொடாமல் கையாலேயே துணியை அளந்து கிழிப்பார், ஒரு விரற்கடை பிசகாது. இரண்டு வருடமாக அவருக்கு மறதி நோய். இப்போது அவருக்குச் சாப்பாடே இறங்குவதில்லை, தக்காளியை நறுக்கிச் சர்க்கரை தொட்டுக் கொடுத்தால் மட்டும் சாப்பிடுகிறார் என்று அண்ணி தில்லையம்மாள் சொல்லியிருந்தாள். "என் செடியில பழுத்தத நானே எடுத்தாறேன் அண்ணி, மருந்தில்லாத பழம்" என்று தங்கராசு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். வந்ததும், சட்டத்தையும் மீறி மாரியம்மாளிடம், "யாரும் பறிக்கக் கூடாது. செடியிலயே செக்கச்செவேல்னு பழுக்கணும்" என்றும் உத்தரவு போட்டார். பறிக்க வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. சரி என்றாள்.

அன்றைக்கு அண்ணி இன்னொன்றும் சொன்னாள். அண்ணன் நாற்காலியில் தூங்கிப்போன பிறகு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"ஆரம்பத்துல எனக்கு ஒண்ணுமே தெரியல தம்பி. சாமான் காணாமப் போவும், அவ்வளவுதான். கண்ணாடி, சாவி, பேனா. அவரே எடுத்து எங்கியாவது வச்சிடுவாரு. அப்புறம் யாரோ எடுத்துட்டாங்கன்னு சொல்லுவாரு. அதுலதான் ஆரம்பிச்சுது."

தங்கராசு அதை அப்போது சாதாரணமாகக் கேட்டுக்கொண்டார். சில பேச்சு காதில் விழும்போது ஒன்றும் செய்யாது. உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

சித்திரை முடியும் சமயம் ஒரு காலையில், தொட்டி நிழலில் இருந்த செடியில் ஒரு காயின் அடியில் இளஞ்சிவப்பாக ஒரு கீற்று ஓடியிருந்தது. செங்காய்! தங்கராசுவுக்கு வந்த சந்தோஷத்தில் விரல் தானாக நீண்டது. சட்டம் நினைவுக்கு வந்து மடக்கிக்கொண்டார். கீழே இறங்கி வந்து அவர் சிரித்த சிரிப்பைப் பார்த்து மாரியம்மாள் "இன்னா?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றார்.

மறுநாள் காலையில் அந்தக் காய் இல்லை.

அணில் என்று நினைத்தார். அணில் என்றால் பாதியைத் தின்று மீதியைத் துப்பியிருக்கும். பையைச் சுற்றி ஒரு விதைகூட இல்லை. காக்காய் என்றாலும் அப்படித்தான். அடுத்த வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டார். மீன் கழிவு தெளித்த நாளிலிருந்து அந்த மனிதர் இந்தப் பக்கம் மூக்கைக்கூடத் திருப்புவதில்லை. மாரியம்மாளுக்கோ மாடிப்படி ஆகாது. சரி, தொலையட்டும் என்று விட்டார். இரண்டு நாள் கழித்து இன்னொரு செடியில் செங்காய் விட்டது. அதுவும் மறுநாள் இல்லை. அப்புறம் மூன்றாவது.

மூன்றாவதற்குத்தான் அவர் காம்பைக் குனிந்து பார்த்தார். பிய்த்த காம்பு இல்லை, வெட்டிய காம்பு. கத்தரிக்கோலால் நறுக்கென்று, செடிக்கு நோகாமல் வெட்டியிருந்தது. அந்த வீட்டில் செடிக்கென்று ஒரே ஒரு கத்தரிக்கோல்தான் உண்டு. மாடிக் கதவுக்குப் பின்னால் ஆணியில், பிடி மேலே இருக்கும்படி தங்கராசு மாட்டி வைப்பார். போய்ப் பார்த்தார். பிடி கீழே இருக்க, தலைகீழாகத் தொங்கியது. முனையில் தக்காளிச் செடியின் பச்சை வாசனை. முகர்ந்துகொண்டே வெகுநேரம் நின்றார்.

அவரைத் தவிர அந்தக் கத்தரிக்கோலைத் தொடுகிறவர் இல்லை. அப்படியானால் வெட்டியது யார்?

'அவரே எடுத்து எங்கியாவது வச்சிடுவாரு.' அண்ணியின் குரல் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்ட மாதிரி இருந்தது. தங்கராசு கத்தரிக்கோலைப் பிடி மேலே இருக்கும்படி திருப்பி மாட்டிவிட்டு, சரியாக மாட்டினோமா என்று இன்னொரு தரம் பார்த்தார்.

அதன் பிறகு அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், அவருக்கு வெளிச்சத்திலேயே தெரிந்தது. மூக்குக்கண்ணாடியைத் தேடினால் உயிர் போயிற்று, அது நெற்றியிலேயே இருந்தால் இன்னும் மோசம். கேஸை மூடினோமா என்று மூடியதையே போய் மூடினார். அலமாரி, பீரோ, வண்டியின் பெட்டி, செருப்பு வைக்கும் இடம் என்று தான் ஒளித்து வைத்த தக்காளியைத் தானே தேடினார். எங்கேயும் இல்லை. தின்றே விட்டோமோ என்று நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தார். படுக்கும் முன் தன்னைத் தானே பரீட்சை வைத்துக்கொண்டார். கடலூர், முதுநகர், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர், சிதம்பரம் என்று ஸ்டாப்பிங் பெயர்களை முணுமுணுப்பார். ஒருநாள் ஆலப்பாக்கத்திலிருந்து நேராக முட்லூருக்குப் போய்விட்டார். புதுச்சத்திரத்தை விட்டுவிட்டார்! புதுச்சத்திரத்துக்காரன் ஒருவன் இருட்டில் தனியாக இறக்கிவிடப்பட்டு நிற்பது போலிருந்தது. எழுந்து உட்கார்ந்து கடலூரிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

மாரியம்மாளைக் கேட்டிருக்கலாமே என்று யாரும் கேட்கலாம். கேட்கத்தான் போனார், இரண்டு முறை. பேசக் கூடாது என்ற சட்டம் ஒரு சாக்கு. உண்மைக் காரணம் வேறு. 'நான் இன்னாத்துக்குங்க மாடிக்குப் போறேன்?' என்று அவள் சொல்லிவிட்டால்? அப்புறம் மிச்சம் இருப்பது ஒரே ஆள்தான். கேட்காத வரைக்கும் கொஞ்சம் சந்தேகமாவது மிஞ்சும் என்று வாயை மூடிக்கொண்டார்.

கடைசியாக ஒரு யோசனை செய்தார். மறுபடி செங்காய் விட்டபோது, அந்தக் கொப்பில் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டினார். 'தங்கராசு, இந்த நூலைக் கட்டியது நீ. பறிக்காதே' என்று தனக்கே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார். மறுநாள் போய்ப் பார்த்தால் நூல் கட்டியது கட்டியபடி இருந்தது. காய் இல்லை.

சாப்பாட்டின் மேல் எரிச்சல் பாய்ந்தது. "கடைத் தக்காளில ரசம் வச்சா இப்படித்தான். வெறும் தண்ணி. புளிப்பும் இல்ல ஒண்ணும் இல்ல" என்று தட்டைத் தள்ளினார். மாரியம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அன்று அவளுக்கு மூட்டு வலி அதிகம். "ஜாஸ்தியா இருக்குதுங்க" என்று காலை நீட்டினாள். தைலம் தேய்த்துவிட்டபடி, படியே ஏறாதவளுக்கு எப்படி இத்தனை வலி என்று தங்கராசு நினைத்தார். அவருக்கு இருந்த கவலையில் அந்த நினைப்பு அதற்கு மேல் ஓடவில்லை.

"ஞாயித்துக்கெழமை சிதம்பரம் போய் மாமாவப் பாத்துட்டு வரலாமா?" என்று மாரியம்மாளே கேட்டாள். கணவனின் அண்ணனை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

தங்கராசு உடனே சரி என்றார். பழம் இல்லாமல் போவது வெட்கம்தான். ஆனால் அவருக்கு அங்கே வேறு வேலை இருந்தது. அண்ணியைத் தனியே பிடித்து, அண்ணனைப் பார்க்கிற டாக்டரின் நம்பரை வாங்க வேண்டும். மனைவிக்குத் தெரிய வேண்டாம். மகன் ராஜ்கமலுக்கும் தெரிய வேண்டாம், அவன் சென்னையில் இருக்கிறான், லீவு போட்டு ஓடி வருவான்.

பஸ்ஸில் மாரியம்மாள் ஒயர் கூடையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். "குடு, மேல வைக்கிறேன்" என்றால் கொடுக்கவில்லை. முறுக்கு நொறுங்கிவிடும் என்று பயப்படுகிறாள் போல என்று எண்ணிக்கொண்டார். ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்டாப்பிங்காக, வருமுன்னே உதட்டுக்குள் சொல்லிக்கொண்டு வந்தார். தாண்டியபோதெல்லாம் ஒரு பாஸ் மார்க். மாரியம்மாள் ரோட்டைப் பார்க்கவில்லை, அவர் உதட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். புதுச்சத்திரம் வந்ததும் அவர் வாய்விட்டு "புதுச்சத்திரம்!" என்று சொல்லிவிட, முன்சீட்டுக்காரர் திடுக்கிட்டு எழுந்து இறங்கப் போனார்.

சிதம்பரத்தில் கீழவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அண்ணன் வீடு. கார்த்திகேசன் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் கிடந்த துண்டை விரலால் அளந்து மடித்துக்கொண்டிருந்தார். தம்பியைப் பார்த்து, "வாங்க, உக்காருங்க" என்றார், கடைக்கு வந்த ஆளைச் சொல்கிற மாதிரி. தங்கராசுவுக்கு, நாளைக்கு நானும் இப்படித்தான் மாரியை வாங்க என்பேனா என்று தோன்றியது. கால் கழுவுகிற சாக்கில் நேராகக் கொல்லைப்புறம் போனார்.

தில்லையம்மாள் குழாயடியில் பாத்திரம் அலம்பிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அண்ணனப் பாக்குறாரே, அந்த டாக்டர் நம்பர் கொஞ்சம் வேணும்."

அவள் நிமிர்ந்தாள். "நேத்துதான தம்பி குடுத்தேன்?"

தங்கராசுவுக்குக் குழாயடி அப்படியே ஒரு சுற்று சுற்றியது. நேற்றா? நேற்று நான் போன் பண்ணினேனா? கேட்டேனா? கேட்டதையும் மறந்துவிட்டேனா? துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அவ்வளவுதான் அண்ணி. எனக்கும் வந்துடுச்சு."

"இன்னா வந்துடுச்சு?"

"அண்ணனுக்கு வந்ததுதான். நேத்து உங்களக் கேட்டதே எனக்கு நெனப்பில்ல."

"ஐயோ, நீங்க கேக்கல தம்பி! மாரி…" என்று ஆரம்பித்து, தில்லையம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மறைக்கிறேன் என்று சத்தியம் செய்து கொடுத்திருக்கிறாள் என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனால் எதிரே கல்லின் மேல் உட்கார்ந்திருந்த மனிதரின் முகம் அந்தச் சத்தியத்தைவிடப் பாவமாக இருந்தது. "மாரிதான் போன் பண்ணிச்சு. நீங்க ராத்திரில ஊரு பேரா சொல்லிக்கினு இருக்கீங்களாம். மூடுன கேஸ மூடுறீங்களாம். செருப்பு வைக்கிற எடத்துல எதையோ தேடுறீங்களாம். எனக்குப் பயமா இருக்குதுக்கா, அவர எப்படியாவது இட்டாறேன், டாக்டருகிட்ட காட்டணும்னு அழுவுது."

ஆகவே, மாரிக்கும் தெரிந்துவிட்டது. தங்கராசு கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். செங்காய், மறுநாள் வெறும் காம்பு, தலைகீழாகத் தொங்கிய கத்தரிக்கோல், நூல் இருந்து காய் போனது. சொல்லச் சொல்ல அண்ணியின் முகமும் வாடியது. அவள் பார்த்துப் பழகிய பாதை அது.

அப்போது உள்ளேயிருந்து மாரியம்மாளின் குரல் வந்தது. "அக்கா, ஒரு தட்டு எங்க இருக்குது? கத்தியும் சக்கரையும் எடுத்தாங்க."

இருவரும் உள்ளே போனார்கள். மாரியம்மாள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒயர் கூடையிலிருந்து பழைய வேட்டித் துணியில் சுற்றிய ஒரு மூட்டையை எடுத்து அவிழ்த்தாள். உள்ளே தக்காளி. செக்கச்செவேலென்று, தோலில் ஒரு கீறல் இல்லாமல் பழுத்த தக்காளி. இடுக்கில் இரண்டொரு அரிசி ஒட்டியிருந்தது. ஒவ்வொரு பழத்தின் தலையிலும் ஒரு துண்டுக் காம்பு இருந்தது. எல்லாம் கத்தரிக்கோலால் நறுக்கென்று வெட்டியது.

"இது ஏது மாரி?" என்று கேட்டது தில்லையம்மாள்.

"நம்ம மாடித் தக்காளிதாங்க்கா. பழமாகி கைக்கு வந்துடுச்சுல்ல, இனிமே சொல்லலாம்." மாரியம்மாளுக்கு முகமெல்லாம் பெருமை. "இந்தக் கத்திரி வெயில்ல செடியில வுட்டா எங்க பழுக்கும்? மஞ்சளா நின்னு வெடிச்சுப் பூடும். எங்க ஊருல செங்காயிலயே பறிச்சு அரிசிக்குள்ள பொதைச்சிடுவோம். இவரு டீக்கடைக்குப் போற நேரமாப் பாத்துப் படியேறி, கண்ணுல பட்டத வெட்டியாந்து அரிசி டிரம்முல போட்டுட்டேன்."

"படியேறினியா?" தங்கராசுவுக்கு முதலில் வந்தது கோபம்தான். "டாக்டர் இன்னா சொன்னாரு? காலு இன்னாத்துக்கு ஆவும்? சொன்னா நான் பறிச்சுத் தர மாட்டனா?"

"பறிக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டவரு யாரு? உங்ககிட்ட வாதாடுறதுக்குப் படியேறுறதே மேலு. கம்பியப் புடிச்சிக்கினு ஒவ்வொரு படியா ஏறினேன். மாமா வாயில ஒரு வாய் போவட்டும்னுதான."

"என் கத்தரிக்கோல எடுத்தது நீயா?"

"பின்ன பல்லாலயா வெட்டுவாங்க?"

"நூலு?"

"திருஷ்டிக்குக் கட்டியிருக்கீங்கன்னு நெனச்சேன். அதனாலதான் நூலு மேல கை படாம வெட்டுனேன்."

"அத ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லக் கூடாதா மாரி?"

"நீங்க ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

தங்கராசு குனிந்து ஒரு பழத்தைக் கையில் எடுத்தார். அதன் காம்பை விரலால் தடவினார். இருக்கிறது. காணாமல் போனது கண் முன்னாலேயே இருக்கிறது. நான் எடுக்கவில்லை, நான் ஒளிக்கவில்லை, நான் மறக்கவில்லை! முதுகில் ஏற்றிக்கொண்டு திரிந்த மூட்டையை யாரோ பின்னாலிருந்து அவிழ்த்துவிட்டது மாதிரி இருந்தது. சிரிக்க ஆரம்பித்தார், சிரிப்பு நடுவில் விம்மலாக உடைந்தது. அறுபதைத் தாண்டிய மனிதர் தக்காளியைக் கையில் வைத்துக்கொண்டு அழுவதைப் பார்த்து மாரியம்மாள் பயந்தே போனாள்.

"அக்கா, பாத்தீங்களா, நான் சொன்னேன்ல…" என்று அவள் தில்லையம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தில்லையம்மாளுக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நாளாயிற்று. "நல்ல புருசன் பொண்டாட்டிடி நீங்க! நீ பழத்தத் திருடிட்ட. அவரு தனக்கு மறதின்னு பயந்துட்டாரு. அவரு பயப்படுறதப் பாத்து நீ பயந்துட்ட. ரெண்டு பேரும் தனித்தனியா வந்து ஒரே டாக்டரு நம்பரக் கேக்குறீங்க."

விஷயம் புரிந்ததும் மாரியம்மாள் அவர் முதுகில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். அப்புறம் அந்த இடத்தையே தடவிக் கொடுத்தாள். "இவ்வளவையும் மனசுல வச்சிக்கினா ரசத்தத் திட்டுனீங்க? நசுங்குன ஒண்ண நான் ரசத்துலதான் போட்டேன். கடைத் தக்காளி, கடைத் தக்காளின்னு நீங்க வஞ்சது உங்க தக்காளியத்தான்!"

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை தெரியும். தங்கராசு அதைத் தின்றுகொண்டே அலைந்திருக்கிறார்.

"ஆனா அண்ணி, புதுச்சத்திரத்த விட்டுட்டேனே?" என்று கடைசிச் சந்தேகத்தையும் கேட்டார்.

தில்லையம்மாள் சிரிப்பை நிறுத்திவிட்டு, நிதானமாகச் சொன்னாள். "தம்பி, உங்க அண்ணன் ஒரு நாளும் எனக்கு மறதின்னு சொன்னதில்ல. மத்தவங்கதான் மறக்குறாங்கன்னு சண்ட போடுவாரு. எனக்கு வந்துடுச்சோ வந்துடுச்சோன்னு இப்படிக் கெடந்து தவிச்சதும் இல்ல. வேணும்னா டாக்டர ஒரு தரம் பாத்துடுங்க, மனசு சமாதானமாவும். ஆனா நான் பாத்தது இது இல்ல."

பார்த்தவள் சொன்ன சொல். அது தங்கராசுவுக்குப் போதும்.

மாரியம்மாள் பழத்தை நறுக்கிச் சர்க்கரை தூவித் தட்டை நீட்டினாள். கார்த்திகேசன் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். கண்ணை மூடி மென்றார். இன்னொன்று எடுத்தார்.

"யாரு தோட்டத்துப் பழம்?" என்று கேட்டார்.

"நம்ம தோட்டத்துதுண்ணே" என்றார் தங்கராசு.

"நல்லா இருக்குது." இன்னும் இரண்டு துண்டு போயிற்று. "யாரு தோட்டத்துப் பழம்?"

போன தடவை வந்தபோது அண்ணன் ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டதும் தங்கராசு எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். இன்று அப்படிப் போகத் தோன்றவில்லை. பயம் விலகியதும்தான், பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நோய் இல்லை, தன் அண்ணன் என்று தெரிந்தது. நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் கேட்கக் கேட்க, முதல் தடவை கேட்டது போலவே, "நம்ம தோட்டத்துதுண்ணே, நம்மளுதுதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தட்டு காலியாயிற்று.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் காலையில் தங்கராசு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை மாடிக்குக் கொண்டுபோய்த் தொட்டி நிழலில் போட்டார். பிறகு கீழே வந்து மாரியம்மாளின் கையைப் பிடித்து, படிக்கு ஒரு முறை நிறுத்தி, மெதுவாக மேலே கூட்டிப் போனார். மாசத்தில் ஒரு நாள் ஏறினால் மூட்டு ஒன்றும் ஆகாது என்று அவராகவே டாக்டருக்குப் பதிலாகத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். அவளை உட்கார வைத்துவிட்டுச் செடிகளுக்கு நடுவே போய் நின்றார்.

"மாரி, இன்னைக்கு ஒரு நாள் திட்டாத" என்றார். விரலை நன்றாக நீட்டினார். முதல் செடியில் ஆரம்பித்து, ஒன்று, இரண்டு என்று ஊருக்கே கேட்கிற மாதிரி வாய்விட்டு எண்ணினார். பஸ்ஸில் தலை எண்ணுகிற அதே குரல். மாரியம்மாள் கையை ஓங்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, அழுகினால் அழுகட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கடைசிச் செடி வரைக்கும் போய், கணக்கைச் சொல்லி முடித்தார்.

"இல்லையே" என்றாள் மாரியம்மாள். "ஒண்ண விட்டுட்டீங்க."

போன வாரமாக இருந்தால் அந்தச் சொல்லுக்கு அவர் இரத்தம் உறைந்திருக்கும். "எங்க?" என்று சாதாரணமாகத் திரும்பினார்.

அவள் விரலை நீட்டவில்லை. அவள் சட்டம் அவளுக்கு. விரலை மடக்கி, அதன் முட்டியால் காட்டினாள். தொட்டியோரத்துச் செடியில், சிவப்பு நூலுக்குக் கீழே, இலைக்குள் ஒளிந்துகொண்டு ஒரு செங்காய்.

"அட, ஆமா!" என்று தங்கராசு சிரித்தார். கத்தரிக்கோலை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தார்.